ஜெஃபர்சனின் தோட்டப் புத்தகம்

ஒவ்வொரு ரீயூனியன் மலரிலும் மறைந்த பெரியவர் ஒருவரின் வரலாறு வருவது நம் சங்கத்தின் வழக்கம். விஸ்வேஸ்வரய்யா வந்தாச்சு, பென்னி குயிக் வந்தாச்சு, எடிசன் இரண்டு தடவை வந்தாச்சு. இந்தத் தடவை நீ எழுது, சிவில்காரன் கண்ணோட எழுது என்று மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் சொல்லிவிட்டார். நான் எடுத்துக்கொண்டவர் என்ஜினீயர் இல்லை. வக்கீலுக்குப் படித்தவர். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். சுதந்திரப் பிரகடனம் எழுதியது, லூசியானாவை விலைக்கு வாங்கியது எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதை மறுபடி எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். அவர் 1766-ல் தொடங்கி 1824 வரை, விட்டு விட்டு, 58 வருஷம் எழுதிய தோட்டக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதன் வழியாகவே அவர் கதையைச் சொல்லப் பார்க்கிறேன்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. நம்ம ஹைட்ராலிக்ஸ் லேபில் ரீடிங்கை எப்படி 'சமைத்தோம்' என்று யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கிராஃப் நேர்கோடாக வரும்வரை பென்சிலும் ரப்பரும் வேலை செய்யும். அது படிக்கிற வயசு, போகட்டும். வேலைக்குப் போன பிறகு ஒரு சைட்டில் (கம்பெனி பேர் வேண்டாம்) ஒரு வாரத்து ஸ்லம்ப் டெஸ்ட் ரிஜிஸ்டரை சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதினேன். ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா எண்ணும் அழகாக வரம்புக்குள்ளே. கட்டடம் இன்றும் நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ரிஜிஸ்டர் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 2018-ல் வேலை விஷயமாக அமெரிக்கா போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வர்ஜீனியாவில் ஜெஃபர்சனின் மலைவீடான மான்டிசெல்லோவைப் பார்க்கப் போனேன். அங்கேதான் இந்தத் தோட்டப் புத்தகத்தின் அச்சுப் பிரதி கண்ணில் பட்டது. எட்வின் பெட்ஸ் என்பவர், தோட்டம் சம்பந்தமான கடிதங்களையும் சேர்த்துத் தொகுத்து, 1944-ல் வெளிவந்த கனமான புத்தகம். மூல நோட்டு பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது.

ஜெஃபர்சன் பிறந்தது 1743 ஏப்ரல் 13, வர்ஜீனியாவில் ஷாட்வெல் என்ற பண்ணையில். அப்பா பீட்டர் ஜெஃபர்சன் சர்வேயர். 1751-ல் ஜோஷுவா ஃப்ரையோடு சேர்ந்து வர்ஜீனியாவின் வரைபடத்தைத் தயாரித்தவர். மகனுக்கு 14 வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். நிலம், அடிமைகள், புத்தகங்கள், அளவுக் கருவிகள் என்று பலதையும் விட்டுப் போனார். பையனுக்கு அளக்கிற புத்தி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வில்லியம்ஸ்பர்க்கில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் படித்துவிட்டு, ஜார்ஜ் விதே என்ற வக்கீலிடம் சட்டம் பயின்றார்.

1766 மார்ச் 30. இளைஞருக்கு 23 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம். ஊதா நிற ஹயசிந்த் பூக்கத் தொடங்கிவிட்டது என்று ஒரு வரி எழுதுகிறார். அவ்வளவுதான் தோட்டப் புத்தகத்தின் ஆரம்பம். ஒரு வாரம் கழித்து நார்சிசஸ். பிறகு காட்டுப் பூக்கள், எது எந்தத் தேதியில் பூத்தது, எது எப்போது உதிர்ந்தது என்று. மே மாதம் அவர் மேரிலாண்ட், பென்சில்வேனியா, நியூயார்க் என்று வெளியூர் கிளம்புகிறார். ஆகவே குறிப்பு நிற்கிறது என்று அதையும் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்! ஊருக்குப் போனதை மறைத்து, திரும்பி வந்து உத்தேசமாக நிரப்பி வைக்கவில்லை. என் சனிக்கிழமை ரிஜிஸ்டர் ஞாபகம் எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது.

அடுத்த வருஷம் காய்கறி. பச்சைப் பட்டாணி விதைத்தார். விதைத்தேன் என்று எழுதினால் போதாதா? 500 பட்டாணியை எடுத்து நிறுத்து எடையைக் குறிக்கிறார். ஒரு பைன்ட் அளவுக்குச் சுமார் 2500 பட்டாணி பிடிக்கும் என்றும் எழுதுகிறார். எப்போது முளை விட்டது, எப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்தது, அதற்கும் தேதி. பட்டாணி அவருக்குக் கடைசிவரை பிடித்த காய். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குள் ஒரு பந்தயம் நடக்கும்: யார் தோட்டத்துப் பட்டாணி முதலில் மேசைக்கு வருகிறதோ அவர் மற்றவர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கணும். பெரும்பாலும் ஜார்ஜ் டைவர்ஸ் என்ற நண்பர்தான் ஜெயிப்பார். ஒரு வருஷம் ஜெஃபர்சன் தோட்டம் முந்திவிட்டது. வீட்டார் ஞாபகப்படுத்தியும் அவர் வெளியே சொல்லவில்லையாம். டைவர்ஸே ஜெயித்ததாக இருக்கட்டும், அவருக்கு அதில் சந்தோஷம் என்று விட்டுவிட்டார். இது பேரன் சொன்ன கதை.

1768-ல் மான்டிசெல்லோ மலை உச்சியைச் சமப்படுத்தும் வேலை தொடங்கியது. வீடு கட்டுகிறவன் எவனும் மலை உச்சியில் கட்ட மாட்டான், தண்ணீர் எங்கே கிடைக்கும்? 1769-ல் 65 அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டினார்கள். அது பல வருஷங்களில் வற்றிப்போனது. எந்தெந்த வருஷம் வற்றியது என்பதற்கும் கணக்கு வைத்தார்! நாற்பது வருஷம் கழித்து, கூரையில் விழும் மழைநீரைப் பிடிக்க நான்கு தொட்டிகள் கட்டினார். ஒவ்வொன்றும் எட்டு அடி நீளம், அகலம், ஆழம். தமிழ்நாட்டில் நமக்கு 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எத்தனை பேர் புதுசு புதுசாகப் பேசினோம். அவருடைய தொட்டிகள் ரொம்ப நாள் ஒழுகிக்கொண்டே இருந்தன; பூச்சு சரியில்லை. இதுவும் நமக்குப் புதுசு இல்லை.

1770 பிப்ரவரி முதல் தேதி ஷாட்வெல் வீடு தீப்பற்றி எரிந்தது. புத்தகங்கள், வழக்குக் கட்டுகள் ஏறக்குறைய எல்லாம் சாம்பல். தோட்டப் புத்தகம் மட்டும் எப்படியோ தப்பித்தது. 1772 ஜனவரி முதல் தேதி மார்த்தா ஸ்கெல்டன் என்ற இளம் விதவையை மணந்துகொண்டு, அந்த மாதக் கடைசியில் மலைவீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் பனி. இதுவரை யாரும் பார்த்திராத பனி, மூன்று அடி ஆழம் என்று தோட்டப் புத்தகத்தில் இருக்கிறது. புது மனைவியைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அதே வருஷம் ஜூலையில் ஒரு குறிப்பு. நம்ம சிவில்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்கணும். மண் அள்ளுவதற்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி நல்லதா, இரட்டைச் சக்கர வண்டி நல்லதா? ஒரு ஆளை வேலை செய்ய விட்டுக் கையில் கடிகாரத்தோடு நிற்கிறார். இரட்டைச் சக்கர வண்டியை நிரப்ப 3 நிமிஷம்; 30 கஜ தூரம் கொண்டுபோக ஒன்றரை நிமிஷம். ஆக நாலரை. அதே மண் சின்ன வண்டியில் நாலு நடை. நிரப்ப அதே 3 நிமிஷம், நாலு நடைக்கு 6 நிமிஷம், மொத்தம் 9. பாதிக்குப் பாதி மிச்சம். தொழிற்சாலைகளில் கடிகாரம் வைத்து வேலையை அளந்த டெய்லர் பிறப்பதற்கு 84 வருஷம் முன்னால் நடந்தது இது. பிறகு இன்னொரு சோதனை: ஒரு ஆள் 12 மணி நேர நாளில் 5 கன கஜம் மண்ணை வெட்டி 50 கஜ தூரம் கொண்டுபோய்ப் போட முடியும். அந்த ஆள் பெயர் ஃபில். அதுவும் ஃபோர்டுடைய ஃபில் என்று, முன்னால் இன்னொருவர் பெயரை வைத்துத்தான் எழுதியிருக்கிறது. இரண்டு அடி உயர மேட்டில் வண்டியை ஏற்றிக்கொண்டு, மேற்பார்க்க யாரும் நிற்காதபோதும் அவ்வளவு செய்தாராம்.

முதல் தடவை படித்தபோது இந்தக் கணக்கை நான் ரசித்தேன். சைட்டில் ஒர்க் ஸ்டடி போட்டவன் ரசிக்காமல் இருக்க முடியாது. இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் 12 மணி நேரம் என்பது கண்ணில் பட்டது. சம்பளம் என்ற பேச்சே இல்லாத 12 மணி நேரம். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். எல்லா மனிதரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று நாட்டுக்கே எழுதிக் கொடுத்த அதே கைதான் அவர்கள் பெயர்களைப் பண்ணைப் பதிவேட்டில் ஆடுமாடு, ஏர், போர்வை கணக்கோடு சேர்த்து எழுதியது. அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே என்று சொல்லிவிடலாம்; நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அது தப்பு என்று அவருக்கே தெரியும், எழுதியும் இருக்கிறார். உயிரோடு இருக்கும்போது விடுதலை செய்தது இரண்டு பேரை, உயிலில் ஐந்து பேரை. இந்தக் கட்டுரையில் அந்த மனிதர்களைப் பற்றி எழுதும்போது அவன் இவன் என்றுதான் முதலில் பேனா போனது. அடித்துவிட்டு அவர் என்று மாற்றியிருக்கிறேன்.

1773 மே மாதம். ஜெஃபர்சனின் உயிர் நண்பர், தங்கை கணவரும்கூட, டாப்னி கார் திடீரென்று காய்ச்சலில் இறந்துபோனார். இரண்டு பேரும் சின்ன வயசில் மான்டிசெல்லோ மலையில் ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்து படிப்பார்களாம். யார் முதலில் போனாலும் மற்றவர் அந்த மரத்தடியிலேயே புதைக்கணும் என்று பேச்சு. அந்தச் சொல்லை ஜெஃபர்சன் காப்பாற்றினார். தோட்டப் புத்தகத்தில் மே 22 தேதியிட்டு இடுகாடு பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டு ஆட்கள் 80 அடிக்கு 80 அடி இடத்தை, அதாவது ஏழில் ஒரு பங்கு ஏக்கரை, மூன்றரை மணி நேரத்தில் வேர்க்கட்டை பறித்துச் சுத்தம் செய்தார்கள். ஆகவே ஒரு ஆளுக்கு 7 மணி. ஒரு ஏக்கருக்கு 49 மணி, அதாவது 4 நாள். துல்லியமாகப் போட்டால் ஏறக்குறைய 47 மணி 40 நிமிஷம்தான் வரும். நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். நண்பன் செத்ததற்கு ஒரு வார்த்தை இல்லையே, இவர் என்ன மனிதர் என்று முதலில் கோபம்தான் வந்தது. என் தாத்தா இறந்த அன்று என் அப்பா பந்தல்காரரிடம் நாற்காலிக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது பிறகு ஞாபகம் வந்தது.

1774 மே 5-ல் உறைபனி. கோதுமை, சோளம், புகையிலை, இளம் மரங்கள் எல்லாம் கருகின. மலைமேல் பழங்களில் பாதி போயிற்று, கீழே சுற்றுவட்டாரத்தில் முழுசாகப் போயிற்று. அக்கம்பக்கத்துக் காலனிகளிலும் அதே கதி என்று விசாரித்து எழுதியிருக்கிறார். அந்த வருஷம் இத்தாலியிலிருந்து வந்த பிலிப் மாசேயும் அவருடைய ஆட்களும் பக்கத்தில் குடியேறியிருந்ததால், பூண்டு முதலான விதைகளின் பெயர்கள் இத்தாலிய மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன. அதற்குப் பிறகு அரசியல் அவரை இழுத்துக்கொண்டது, பக்கங்கள் மெலிகின்றன. ஃபிலடெல்ஃபியாவில் 1776 ஜூலை 4 அன்று, பிரகடனம் ஏற்கப்பட்ட நாளில், ஒரு தெர்மாமீட்டருக்குப் பணம் கொடுத்திருக்கிறார். அன்று நாலு தடவை வெப்பம் பார்த்திருக்கிறார்: காலை 6 மணிக்கு 68 டிகிரி ஃபாரன்ஹீட், மதியம் 1 மணிக்கு 76. ஒரு தேசம் பிறந்த நாளில் எவ்வளவு வெயில் என்று நமக்குத் தெரிவது இப்படித்தான்.

1782 வசந்தத்தில் மறுபடி வீட்டில் இருக்கிறார். கவர்னர் பதவியை முடித்துவிட்டு, மனம் கசந்து வந்திருந்த நேரம். மார்ச் மாதத்திலிருந்து பூக்களுக்கு ஓர் அட்டவணை போடுகிறார். நார்சிசஸ் என்றைக்கு, ஹயசிந்த் என்றைக்கு என்று வரிசையாக. மே 8-ல் மார்த்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதோடு அந்த அம்மாள் எழுந்திருக்கவே இல்லை. நாலு மாதம் படுக்கை. ஜெஃபர்சன் பக்கத்து அறையிலேயே இருந்து பார்த்துக்கொண்டார். செப்டம்பர் 6-ல் மார்த்தா இறந்தார். கணக்குப் புத்தகத்தில் நேரத்தோடு ஒரு வரி. தோட்டப் புத்தகத்தில் எதுவுமே இல்லை. ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 11 தேதியிட்டு, செத்த பறவைகளைக் கெடாமல் பதப்படுத்துவது எப்படி என்று இன்னொருவர் சொன்ன முறை எழுதியிருக்கிறது. மூன்று வாரம் அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை என்று மூத்த மகள் பிற்காலத்தில் எழுதினாள். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களையும் எரித்துவிட்டார். பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த 1784 முதல் 1789 வரையிலான காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஒரே ஒரு சங்கதி மட்டும். 1787-ல் வட இத்தாலிக்குப் போனார். அங்கே நெல்லை விதையாக வெளியே கொண்டுபோனால் மரண தண்டனை. இவர் கோட்டுப் பைகளில் நெல்லை நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டிவிட்டார்! தூதர் செய்கிற வேலையா இது? தன் நாட்டுக்குத் தான் செய்த பணிகளைப் பின்னால் ஒரு தாளில் வரிசையாக எழுதியபோது, தெற்கு மாநிலங்களுக்கு ஆலிவ் கன்றும் மேட்டுநில நெல்லும் அனுப்பியதை, பிரகடனத்தோடு சேர்த்து அதே பட்டியலில் வைத்தார். ஒரு நாட்டுக்குப் பயனுள்ள செடி ஒன்றைக் கொடுப்பதைவிடப் பெரிய சேவை இல்லை என்பது அவர் கட்சி. ஆலிவ் என்னவோ அங்கே சரியாகப் பிடிக்கவில்லை.

1801 முதல் 1809 வரை ஜனாதிபதி. வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த அந்த எட்டு வருஷமும் ஊர் மார்க்கெட்டில் எந்தக் காய் எப்போது முதலில் வந்தது, எப்போது நின்றது என்று குறித்து, முப்பதுக்கு மேற்பட்ட காய்கனிகளுக்கு ஓர் அட்டவணை தயாரித்தார். நாட்டு நிர்வாகம் பார்க்கிறவருக்குக் கத்திரிக்காய்க் கணக்கு எதற்கு என்று அப்போதும் யாராவது கேட்டிருப்பார்கள். அதே காலத்தில் மலைச்சரிவை வெட்டி, 1000 அடி நீளம், 80 அடி அகலத்தில் காய்கறித் தோட்டத்துக்கு மேடை கட்ட உத்தரவு போட்டார். மண் வெட்டியவர்கள் வேறு எஜமானர்களிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட அடிமைகள். கீழ்ப்பக்கம் கருங்கல் ரீட்டெய்னிங் வால், அதிக உயரம் 12 அடிக்கு மேல். சுற்றி 10 அடி உயரப் பலகை வேலி, முயல்குட்டிகூட நுழைய முடியாத நெருக்கம். தோட்டத்தை 24 சதுரமாகப் பிரித்து, வேர் தின்பது, இலை தின்பது, காய் தின்பது என்று வகைபிரித்து நட்டார். நான் அந்தச் சுவர்மேல் நின்று பார்த்தேன். தெற்கே மலை மலையாகக் கண்ணுக்கெட்டிய தூரம். சாய்வான வெயில் முழுசும் அந்த மேடையில் விழுகிறது. இடம் தேர்ந்தெடுத்த கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1809-ல் ஓய்வு பெற்று வீடு திரும்பிய பிறகுதான் புத்தகம் மறுபடி தடிக்கிறது. இப்போது கட்டம் போட்ட பக்கங்கள்: எங்கே, என்ன, எப்போது விதைத்தது, எப்போது நட்டது, எப்போது மேசைக்கு வந்தது, எப்போது முடிந்தது. முதல் வருஷமே பாதிக்கட்டங்களில் தோல்வி என்ற வார்த்தைதான். இது முளைக்கவில்லை, அது பூச்சியில் போயிற்று, இது கருகிற்று. 66 வயது, முன்னாள் ஜனாதிபதி, தன் கைப்பட எழுதுகிறார். திராட்சையோ இன்னும் மோசம். 1807-ல் 24 ஐரோப்பிய ரகங்களில் 287 கொடிகள் நட்டார். ஒயின் ஒரு பாட்டில்கூட அங்கே உருவானதாகத் தெரியவில்லை. வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சியும் கருப்பழுகல் நோயும் அமெரிக்க மண்ணில் ஐரோப்பியக் கொடியை வாழ விடாது என்பது பின்னால் தெரிந்த விஷயம். பலிக்கவில்லை என்பதற்காக அவர் விடவில்லை. மொத்தத்தில் 330-க்கு மேற்பட்ட காய்கறி, மூலிகை ரகங்களும் 170 பழ ரகங்களும் அந்த மலையில் பயிராயின. லூயிஸும் கிளார்க்கும் மேற்கே போய்க் கொண்டுவந்த அரிகாரா இந்தியர்களின் அவரை, பாரிஸ் தாவரத் தோட்டத்திலிருந்து தூவான் என்ற நண்பர் அனுப்பும் விதைப் பெட்டி, தக்காளி, எல்லாம் உண்டு.

வெண்டைக்காயும் எள்ளும் உண்டு என்று படித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டுமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அந்த நாட்டுக்கு வந்தவை. ஆலிவ் வராத இடத்தில் எள் வருமே என்று ஜெஃபர்சனுக்கு ஒரே உற்சாகம். விருந்தாளிகளுக்கு நல்லெண்ணெய் ஊற்றிய சாலட் கொடுத்துப் பார்த்தார். ஆலிவ் எண்ணெய்க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை அவர்களுக்கு. வீட்டிலேயே எண்ணெய் ஆட்டுவதுதான் பெரிய பாடாகப் போயிற்று. நம்ம ஊர்ச் செக்கு ஒன்றை யாராவது கப்பலேற்றி அனுப்பியிருக்கலாம்.

பூந்தோட்டத்தைப் பேத்திகளோடு போட்டார். கிழங்குகள் பெட்டியில் வந்து இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆடம்பரப் பெயர். தாத்தா அளவுக் கயிற்றைப் பிடிப்பார், பேத்திகள் சுற்றி நிற்பார்கள், மண்வெட்டியும் களைக்கொத்துமாக வோர்ம்லி நிற்பார். எலன் என்ற பேத்தியின் நினைவுகளில் இந்தக் காட்சி இருக்கிறது. நடுவது யார் என்பதை அந்தக் காட்சியே சொல்கிறது.

வோர்ம்லி ஹியூஸ் 1781-ல் பிறந்தவர். சின்னப் பையனாக மான்டிசெல்லோ ஆணிப் பட்டறையில் ஆணி அடித்தவர், பிறகு தலைமைத் தோட்டக்காரர். தோட்டத்துக்கு நேர் மேலே மல்பெரி ரோ என்று ஒரு பாதை; அடிமைகளின் குடிசைகளும் பட்டறைகளும் அதை ஒட்டித்தான் இருந்தன. சாயங்காலமும் ஞாயிறும் அவர்கள் தங்களுக்கென்று சின்னச் சின்னக் கொல்லை போட்டார்கள். அதில் விளைந்த காய், கோழி, முட்டையைப் பெரிய வீட்டுக்கே விற்றார்கள். 1805 முதல் 1808 வரை ஆன் என்ற பேத்தி எழுதிய வீட்டுக் கணக்கில் விற்றவர் பெயரும் கொடுத்த காசும் இருக்கிறது. இவ்வளவு பெரிய தோட்டக்காரர், குடிசைக் கொல்லையிலிருந்து விலைக்கு வாங்கியிருக்கிறார். அந்தக் கொல்லைகளில் எப்போது விதைத்தார்கள், எது பலித்தது, எது கருகியது? அதற்கு ஒரு நோட்டும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலர். தன் தோல்வியை ஒன்று விடாமல் எழுதிய மனிதரின் புத்தகத்தில் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது. அவருடைய நேர்மையை மெச்சி எழுதலாம் என்றுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குப் பேனா ஓடவில்லை. கட்டம் போடும்போதே சில விஷயங்களுக்குக் கட்டம் போடாமல் விட்டால், பிறகு எவ்வளவு உண்மையாக நிரப்பினாலும் அவை உள்ளே வராது. என் ரிஜிஸ்டரிலும் கான்கிரீட் கலந்தவர்கள் பெயருக்குக் கட்டம் கிடையாது.

கடைசிப் பதிவுகள் 1824-ல். கடன் தலைக்கு மேல் ஏறியிருந்தது. 1826 ஜூலை 4-ல், பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில், 83 வயதில் ஜெஃபர்சன் காலமானார். அதே நாளில் ஜான் ஆடம்ஸும் போனார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. விட்டுப் போன கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் மலைமேல் ஏலம் நடந்தது. மேஜை நாற்காலி, ஆடுமாடு, கூடவே 130 மனிதர்கள் விற்பனைக்கு என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வோர்ம்லிக்கு மட்டும் ஜெஃபர்சனின் மகள் வாய்மொழியாக விடுதலை கொடுத்திருந்தார். ஏலம் போனவர்களில் அவர் மனைவி உர்சுலாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

வீடு கை மாறியது, வேலி விழுந்தது, மேடை புல் மண்டிப் போனது. 1939-ல் பூந்தோட்டத்தைத் திரும்ப அமைக்க வந்தவர்கள், பழைய வளைந்த நடைபாதை எங்கே போனது என்று கண்டுபிடிக்க, ராத்திரியில் கார் ஹெட்லைட்டைப் புல்வெளியில் தாழ்வாக அடித்துப் பார்த்தார்கள். நிழலில் பாதையின் தடம் அப்படியே எழுந்து தெரிந்தது. டோட்டல் ஸ்டேஷன், டிரோன் என்று அலைகிற நமக்கு இதைவிட நல்ல சர்வே பாடம் கிடைக்காது. காய்கறி மேடையை 1979-லிருந்து தோண்டினார்கள். சுவரின் அடித்தளமும் வேலிக் கம்பக் குழிகளும் குறிப்பில் உள்ளபடியே கிடைத்தன. 1987-ல் யுனெஸ்கோ அந்த இடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஜெஃபர்சனின் பெரிய வாழ்க்கை வரலாற்றை 1858-ல் மூன்று பாகமாக வெளியிட்ட ஹென்றி ராண்டல், அதற்காக வோர்ம்லியையும் சந்தித்துப் பேசினார். அப்போது வோர்ம்லிக்கு எழுபது வயசு. குதிரைகளைப் பற்றி, வீட்டுக்கு வந்து போனவர்களைப் பற்றி எல்லாம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜெஃபர்சனைப் புதைத்த நாளும் ஞாபகம் இருந்தது. இரண்டு ஆட்கள் மூன்றரை மணி நேரத்தில் சுத்தம் செய்ததாகத் தோட்டப் புத்தகத்தில் இருக்கிறதே, அந்த 80 அடி இடுகாட்டில்தான் ஜெஃபர்சனைப் புதைத்தார்கள். குழியை வெட்டியவர் வோர்ம்லி.